ஷோங்கவரின் பேய்கள்: மைக்கேலாஞ்சலோ கதை உண்மையா?

கேள்வி:
வனத்து அந்தோணியாரைப் பேய்கள் வானத்தில் பிய்த்து இழுக்கும் படத்தைப் பார்த்தேன், 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் மார்ட்டின் ஷோங்கவர் செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தது. சிறுவன் மைக்கேலாஞ்சலோ இதைப் பார்த்து வண்ணத்தில் தீட்டினாராமே? அப்புறம், வெறும் கறுப்பு மையில் அந்தச் செதிலும் முள்ளும் எப்படி வந்தன?

பதில் 1:
மைக்கேலாஞ்சலோவின் வாழ்க்கையை எழுதிய வசாரி, கொண்டிவி இருவரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். செதில்களின் நிறம் பார்க்கப் பையன் மீன் சந்தைக்கே போனானாம். அவர் தீட்டியதாகச் சொல்லப்படும் பலகை டெக்ஸஸின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை.

பதில் 2:
நான் செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பவன். இரண்டாம் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ஷோங்கவரின் அப்பா காஸ்பர், இன்று பிரான்சில் இருக்கும் கோல்மார் நகரில் பொற்கொல்லர். மகனின் கோடுகளில் அந்தப் பட்டறை தெரிகிறது. மகன் தகட்டில் செதுக்கிய தூபக்கலசப் படத்தைப் பாருங்கள், அப்படியே எடுத்து வார்த்துவிடலாம். வளைகோடு போட உளி பிடித்த கையைத் திருப்பக் கூடாது. கை நேராகத் தள்ள, மற்றக் கை தகட்டைச் சுழற்ற வேண்டும். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். உருவத்தின் வளைவோடு கோடுகளை ஓடவிட்டு, குறுக்கே இன்னொரு வரிசை போட்டால் நிழல் விழும். அவருக்கு முன்பும் குறுக்குக் கோடு போட்டார்கள். இந்த ஒழுங்கு இல்லை. என் கோடுகள் இன்றும் திருப்பத்தில் திக்குகின்றன, அது வேறு கதை.

அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும். அடியில் உள்ள எம், எஸ் எழுத்துகளில் எஸ்ஸைத் தகட்டில் திருப்பித்தான் வெட்டியாக வேண்டும். சுமார் 116 படங்களிலும் இந்தக் கையொப்பம் உண்டு, ஆண்டு எதிலும் இல்லை. எம்மின் கால்கள் நேராக நின்றால் தொடக்ககாலம், சாய்ந்தால் பிந்தையது என்று கணக்கிடுகிறார்கள்.

கேட்டவர்:
நன்றி! ஓவியங்கள் எதுவும் மிஞ்சவில்லையா?

பதில் 2:
கொஞ்சம்தான். 1473-ல் தீட்டிய 'ரோஜாப் பந்தல் மாதா' கோல்மாரின் டொமினிக்கன் தேவாலயத்தில் இருக்கிறது. ஓரங்களை வெட்டிவிட்டார்கள், முழு வடிவத்தைப் பாஸ்டனில் உள்ள சிறு நகலில்தான் பார்க்கலாம். போதாததற்கு 1972-ல் திருடு வேறு போய், மறு ஆண்டு கிடைத்தது. பிரைசாக் தேவாலயச் சுவரில் 'இறுதித் தீர்ப்பு' தீட்டியிருக்கிறார், மங்கிவிட்டது. அந்த ஊரில்தான் 1491-ல் இறந்தார். மறு ஆண்டு அவரைத் தேடி, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஜெர்மன் ஓவியர் டியூரர் இளைஞராகக் கோல்மார் வந்தபோது, வரவேற்க ஷோங்கவரின் சகோதரர்கள்தான் இருந்தார்கள்.