மாண்டேஜுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பர்களே,

சோவியத் திரைப்பட இயக்குநர் செர்கேய் ஐசென்ஸ்டைன் (1898–1948) பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தனித்தனிக் காட்சித்துண்டுகளை ஒட்டிப் புதுப்பொருள் பிறக்கச் செய்யும் அவருடைய உத்தி, மாண்டேஜ். அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அப்படியே விட்டால், காதலர்கள் ஊர் சுற்றும் பாட்டுத்தான் மாணவர்கள் நினைவுக்கு வருகிறது. கோடம்பாக்கத்தில் அதுதானே மாண்டேஜ்! படத்தொகுப்பு என்றால் வெறும் எடிட்டிங் ஆகிவிடும்.

அவருடைய 'போர்க்கப்பல் பொட்டம்கின்' (1925) படத்தில் மூன்று கல் சிங்கங்கள் வரும். ஒன்று தூங்குகிறது, ஒன்று விழித்துப் பார்க்கிறது, ஒன்று எழுகிறது. கிரிமியாவில் அலுப்கா அரண்மனைப் படிக்கட்டில் இருக்கும் வெவ்வேறு சிலைகள் அவை. அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே சிங்கம் சீறி எழுகிறது. இந்த வித்தைக்கு ஒரு சொல் தாருங்கள்.
— ந.

ஐயா,

கைவசம் இருக்கிறதே, யாப்பில் எதிரெதிர்ச் சொற்களைத் தொடுக்கும் முரண்தொடை! குறளில் 'இன்பம் விழையான்' என்று ஓரடி, 'துன்பம் உறுதல் இலன்' என்று மறு அடி. இன்னொரு சோவியத் இயக்குநரான புடோவ்கின் காட்சித்துண்டுகளைக் கோக்கச் சொன்னார், ஐசென்ஸ்டைன் மோதவிடச் சொன்னார். நம் 'தொடு' இரண்டையும் தாங்கும். பூவையும் தொடுக்கிறோம், அம்பையும் தொடுக்கிறோம். தொடையல் (மாலை), தொடர், தொடரி (ரயில்) என்று இந்த வேர் எங்கெங்கோ ஓடுகிறது. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
— செ.வ.

> முரண்தொடை

கடைசி பெஞ்சின் சிரிப்பை அடக்க நீங்கள் வருவீர்களா? தவிர, மூன்று சிங்கங்களில் முரண் எங்கே? ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, அவ்வளவுதான். மாண்டேஜ் பட்டறைச் சொல். ரஷ்ய மொழியில் எந்திரப் பாகங்களைப் பூட்டுவதற்கும் அதே சொல்தான். ஐசென்ஸ்டைனும் பெத்ரோகிராதில் கட்டடப் பொறியியல் படித்தவர். ஆகவே 'படப்பூட்டு'.
— கா.

படப்பூட்டு என்றால் தியேட்டரை இழுத்து மூடியதுபோல் இருக்கிறது.

அவர் 1929-இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். ஜப்பானியச் சித்திர எழுத்தில் கண்ணும் நீரும் சேர்ந்தால் அழுகை, நாயும் வாயும் சேர்ந்தால் குரைத்தல், கத்தியும் நெஞ்சும் சேர்ந்தால் துயரம். நம் 'கண்ணீர்' அந்த நீரோடு நின்றுவிடுகிறது. 'பொற்றொடி' அப்படியில்லை. பொன்னும் இல்லை, வளையும் இல்லை, அதை அணிந்த பெண் வந்து நிற்கிறாள். இது அன்மொழித்தொகையேதான்! 'அன்மொழித்தொகுப்பு' என்போம். ஊமைப்படத்துக்கும் பொருத்தம்.
— மீ.

மீ. அம்மா, பொருள் அபாரம். ஆனால் அன்மொழித்தொகையை விளக்கவே எனக்கு ஒரு வகுப்பு போய்விடும். 'வேலைநிறுத்தம்' (1925) படத்தில் தொழிலாளர் படுகொலைக்கு நடுவே மாடு அறுபடும் காட்சியை எப்போது காட்டுவது? செ.வ. ஐயாவுக்காக 'முரண்தொடுப்பு' என்று சற்று மாற்றினால்?
— ந.

எங்கள் பக்கம் 'அவருக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது' என்றால் வேறு விவகாரம் ஐயா.
— கா.

சரி, நாளை வெள்ளி. 'மோதல் தொகுப்பு' என்று போடுகிறேன். மூன்று பேர் தனி மடலில் ஒப்புக்கொண்டார்கள், அதில் இருவர் 'ஏதாவது போடுங்கள்' என்றவர்கள்.
— ந.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தொடை தொடையாகவே இருக்கட்டும், யாப்பு நடத்தும்போது சிரிக்காதவர்களா இதற்குச் சிரிப்பார்கள்? தொடரி பற்றிய மடல் இரவு வரும்.
— செ.வ.