ஓரம் வெட்டப்பட்ட வேதாகமம்: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

தெற்குத்தெரு:
அப்பாவின் ஒத்துவாக்கிய வேதாகமத்தை (வசனத்துக்கு வசனம் ஒத்த வேறு வசனங்களைக் காட்டும் பதிப்பு) பைண்டிங் கடையில் கொடுத்தேன். ஆட்டுத்தோல் அட்டை. ஒரு பாரத்தில்கூட, அதாவது மடித்துத் தைத்த ஒரு தாள்கட்டில்கூட, தையல் தளரவில்லை. முதுகு மட்டும் விட்டுப்போயிருந்தது. "முதுகை ஒட்டிக் கொடுங்கள் அண்ணாச்சி" என்றேன், அவ்வளவுதான். மறுநாள் போனால் கடைத் தரையெங்கும் காகிதக் கீற்றுகள். "ஓரம் பிசிறாக இருந்தது, மூன்று பக்கமும் வெட்டிவிட்டேன்" என்றார், ஏதோ சலுகை செய்தவர் போல.

சிவப்பின்மேல் தங்கம் பூசிய விளிம்பு அது. மூடினால் பொன், விரித்தால் குங்குமம். போகட்டும். 121ஆம் சங்கீதம், எட்டாம் வசனம்: கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்பது. உபாகமம் 28:6 பார்க்கச் சொல்லும் ஒத்துவாக்கியப் பத்தி. அதற்கு நேரே வெளி ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியது இப்போது இப்படி நிற்கிறது: "பெரியவன் பம்பாய் 14.6.7". அண்ணன் பம்பாய்க்கு ரயில் ஏறிய தேதி. கடைசி இலக்கம் தரையில்.

கிழக்குவாசல்:
உங்களுடையதாவது உண்மைத் தோல். என்னுடையதில் 'அசல் தோல்' என்று பொன்னெழுத்தே இருந்தது. இரண்டாம் வருடம் ஞாயிறு ஆராதனையில் முதலாம் பாடம் வாசிக்க ஏறினேன், வெள்ளைச் சேலையில், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. இறங்கியபோது முந்தானை முழுக்கக் கறுப்புச் செதில். ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, எழுந்து வந்து தட்டிவிட்டார்கள்; தட்டத் தட்ட அது அப்பியது. தோல்தூளைப் பசையில் குழைத்துப் படியவைத்த சரக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எந்த அதிகாரம் வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஊசிநூல்:
தெற்குத்தெரு அவர்களே, ஓரத்தைத் தொடாதே என்று பைண்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை. அவர்கள் கை பள்ளிக்கூட நோட்டில் பழகிய கை. வெட்டினால்தான் வேலை முடிந்ததாக அவர்களுக்குத் தோன்றும்.

என் கதை சிறியது. புதிதாக வாங்கியதைத் திறந்த வேகத்தில் ஏசாயா கொத்தாகக் கழன்று கையில் வந்தது. தைக்காமல் பசை மட்டும் போட்ட புத்தகம்.

ஆகவே வாங்கும்முன் முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். மடித்த தாள்கட்டுகள் சின்னச் சின்ன வளைவாகத் தெரிந்தால், ஒரு கட்டின் நடுவில் நூலும் தெரிந்தால், தையல். புதியதை நடுவில் பிளக்காதீர்கள். முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறித் தடவிப் பழக்குங்கள். தோல் அட்டைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தாளில் இறங்கிக் கறையாகும். அந்த மெல்லிய தாளில் பேனா மை பின்பக்கம் தெரியும். உங்கள் அப்பா பென்சில் பிடித்தது சரி. மழைக்காலத்தில் ஜிப் உறையிலேயே மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

தெற்குத்தெரு:
எண்ணெயைப் பற்றி நான் கேட்கவேயில்லை. முதுகை ஒட்டச் சொன்னால் முதுகை ஒட்டுவார்கள் என்று நினைத்தேன், அது என் பிழைதான்.

கீற்றுகளை ஒரு பையில் அள்ளி வந்திருந்தேன். பென்சில் தடம் உள்ளவை பதினொன்று. உயரத்தை அளந்து அந்தப் பக்கத்தோடு வைத்துப் பார்த்ததில் இரண்டு மிஞ்சின: ஒன்றில் 3, மற்றதில் 8. அண்ணன் எழுபத்து மூன்று என்கிறான். அம்மா, "இவன் பிறந்த பிறகுதானே அவன் ரயில் ஏறினான்" என்று எழுபத்தெட்டில் நிற்கிறார்கள். இரண்டு கீற்றுமே அந்த இடத்தில் பொருந்துகின்றன.