காருக்குப் பேரம் பேசிய கதைகள்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து

உச்சிப்புளி, பள்ளி ஆசிரியர்:

மீன் ஏலத்தில் ஐம்பது ரூபாய்க்கு நின்று வாதாடுகிற நம் ஊர்க்காரர்கள், கார் ஷோரூமின் குளிர்காற்று பட்டதும் வாயடைத்துப் போகிறார்கள். சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்டுவிட்டால் அதற்குமேல் விலை கேட்பதே மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடுகிறது. நான் வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களும் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு ஷோரூம். விற்பனையாளர் தம்பி கேட்ட முதல் கேள்வியே, “மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் சார்?” தவணையைப் பிறகு பேசலாம், முதலில் ஆன்ரோடு விலையை, அதாவது வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த மொத்த விலையை, வரிவரியாகப் பிரித்து எழுதித் தாருங்கள் என்றேன். அரை மனத்துடன் ஒரு தாள் வந்தது. ஷோரூம் விலை 7,40,000. ஆயுள் வரி 96,200. காப்பீடு 41,300. ஆக்சஸரீஸ் 18,500. ஹேண்ட்லிங் 8,000. பிறகு நீட்டித்த வாரண்டி, ஃபாஸ்டேக், பதிவுக் கட்டணம்.

வரியில் பேச ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. காப்பீட்டில்தான் கண் நின்றது. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை அதற்கு 10,640 ரூபாய் என்று அரசே நிர்ணயித்திருக்கிறது. எந்த நிறுவனத்திடம் போனாலும் அது மாறாது. மீதி, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம். அதில்தான் ஆளுக்கொரு விலை. அதே நிறுவனத்தின் அதே பாலிசிக்கு எனக்குத் தெரிந்த முகவர் 29,800 சொல்லியிருந்தார்.

“வெளியில் எடுத்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது சார்.”

கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவை நாம் முன்னால் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டுவது, ஒர்க்‌ஷாப்புக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார்கள் என்பதற்கு அதில் வேலையில்லை. “அப்படியா, அதை உங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னேன். தம்பி எழுந்து மேலாளர் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பிறகு மேலாளரே வந்தார். சட்டைப்பையிலிருந்து பச்சை மை பேனாவை எடுத்து 41,300-ஐ அடித்து 30,000 என்று எழுதினார். ஹேண்ட்லிங் எதற்கு என்று கேட்டேன். கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவர என்றார். அதற்கும் சேர்த்துத்தானே ஷோரூம் விலை? பேனா அந்த வரியின்மேலும் ஓடியது. அவர் முகத்தில் கோபமே இல்லை. யாராவது கேட்கும்வரை இருக்கட்டும் என்று வைத்திருந்த வரிதான் போலிருக்கிறது.

அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பல கார் நிறுவனங்கள் தனிச் சலுகை வைத்திருக்கின்றன. அடையாள அட்டையை நீட்டும்வரை அதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.

கீழக்கரை:

எங்கள் ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்து வாங்குகிறவர்கள். ஷோரூமில் அவர்களிடம் கேட்கிற முதல் கேள்வி தவணை பற்றியது அன்று. “பாய், திரும்ப எப்போது பயணம்?” என்பதுதான். கேட்பதற்கு அக்கறை போல இருக்கும். பயணத் தேதி தெரிந்துவிட்டால், ‘நீங்கள் கேட்கிற நிறம் வர நாளாகும், இருப்பில் இருப்பதை எடுத்துக்கொண்டால் இந்த வாரமே சாவி’ என்று பேச்சு திரும்பிவிடும். தள்ளுபடி என்ற சொல்லே அதன்பின் எழாது.

துபாயிலிருந்து வந்த எங்கள் காக்கா (அண்ணன்) அந்தக் கேள்விக்கு, “இனி எங்கே போக, ஊரோடுதான்” என்று பெருமூச்சு விட்டார். திரும்பும் டிக்கெட் அப்போது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. விலை இறங்கியது. வாப்பாவுக்கு மட்டும் இன்னும் வருத்தம், பொய் சொல்லலாமா என்று.

இப்போதெல்லாம் வருகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். பொய்க்கு வேலையில்லை.

பாம்பன், விசைப்படகு வைத்திருப்பவர்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதில் யாரும் கார் வாங்கப் போக மாட்டோம். கடலுக்குப் போய் இரண்டு மூன்று பாடு நன்றாக அமைந்த பிறகுதான் பேச்சே. மஞ்சள் பையில் பணத்தோடு போனால் விலை குறையும் என்று என் மைத்துனர் சொன்னதை நம்பி, அப்படியே கொண்டு போனோம். காசாளர் பையைத் தொடவில்லை. ஒரே ஆளிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-லிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறதாம். பணம் வங்கிக்குப் போய்ச் சுற்றி வந்தது.

ரொக்கக்காரனுக்குத் தனி மரியாதையும் இல்லை. கடன் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார்கள். வட்டி 6 சதவீதம்தான் என்று தாளில் எழுதிக் காட்டினார்கள். 6 லட்சம் கடன், 5 ஆண்டு, மாதம் 13,000. கல்லூரியில் படிக்கிற மகள் போனில் கணக்குப் போட்டு, “அப்பா, இது ஃப்ளாட் வட்டி. குறைந்துவருகிற அசலுக்குப் பார்த்தால் ஏறத்தாழ 11 சதவீதம் வருகிறது” என்றாள். மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருவோம், வட்டியை மட்டும் கடைசி மாதம்வரை முழு 6 லட்சத்துக்கும் போடுவார்கள். எங்கள் கூட்டுறவு வங்கியின் வட்டி அதைவிடக் குறைவு.

முன்பதிவுப் பணம் பற்றி ஒன்று. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரன் பிடித்த மீனுக்கு விலை சொல்ல முடியாது. ஷோரூமில் முன்பணம் கட்டியவனும் அப்படித்தான். பேசி முடித்து, எழுதி வாங்கி, பிறகு கட்டுங்கள்.

தங்கச்சிமடம் (ராமேஸ்வரம் தீவு), செவிலியர்:

கார் என் பெயரில், பணம் என் சம்பளம், ஓட்டப்போவதும் நான். கேள்வி கேட்டதும் நான்தான். பதில் மட்டும் என் கணவரின் முகத்தைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. அவர் கடைசியில், “தம்பி, எனக்கு ஓட்டவே தெரியாது. அவர்களிடம் சொல்லுங்கள்” என்றார். அதன்பின் கொஞ்சம் திரும்பினார்கள்.

பழைய காரை மாற்றிக் கொடுத்தோம். மதிப்பிட வந்தவர் கால் மிதியடியைத் தூக்கி, விரல் நகத்தால் தரைத் தகட்டைச் சுரண்டிப் பார்த்தார். கதவின் கீழ்விளிம்பில் டார்ச் அடித்தார். “தீவு வண்டி மேடம், உப்புக் காற்று. துரு ஏறியிருக்கிறது” என்று 45,000 ரூபாயைக் கழித்தார். சரி, துரு இருந்தது உண்மைதான். ஆனால் கழித்ததில் பெரும்பகுதியை ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ் 40,000’ என்று வேறொரு வரியில் எழுதி, எனக்கு ஏதோ கொடுப்பதுபோல் காட்டினார்கள். நான் மதுரையில் பழைய கார் வாங்குபவர் ஒருவரிடம் முன்பே விலை கேட்டு வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் இரண்டு வரியும் பிரிந்தன. பழைய காரின் விலை வேறு, போனஸ் வேறு, புதிய காரின் தள்ளுபடி வேறு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேச விடவே கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அதே மேசையில் அடுத்த ஐந்து நிமிடத்தில் புதிய காருக்கு அடிப்பாகப் பூச்சு, பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு என்று பெரிய தொகைக்கு ஒரு பட்டியலை நீட்டினார்கள். கடலோர வண்டிக்கு அடிப்பாகப் பூச்சு நல்லதுதான். அதை வெளியில் பாதி விலைக்குச் செய்துகொண்டேன். மற்றதை வேண்டாம் என்றேன்.

பழைய காரைக் கொடுக்கிறவர்கள் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் பதிவில் இருக்கிற உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாறிய பிறகே மீதிக் கணக்கு என்று எழுதி வாங்கினேன். பழைய பாலிசியில் சேர்ந்திருந்த நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) காரோடு போகாது, ஆளோடு வரும். எனக்கு 50 சதவீதம் இருந்தது. அந்தச் சான்றை நானாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், புதிய பிரீமியம் நன்றாகவே இறங்கியது.

முன்பு ஷோரூமில் வேலை பார்த்தவர், இப்போது பெரியபட்டினத்தில் சொந்தத் தொழில்:

மேலே எழுதியிருப்பதெல்லாம் உண்மை. எதிர்ப்பக்க நாற்காலியிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மேலாளர் அறையில் ஒவ்வொரு மாதமும் ஒரு தாள் இருக்கும். எந்த மாடலுக்கு, எந்த ஆண்டில் தயாரான வண்டிக்கு, நிறுவனம் எவ்வளவு சலுகை தருகிறது, டீலர் தன் பங்குக்கு எவ்வளவு போடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனையாளன் அதில் முதல் வரியை மட்டும்தான் சொல்வான். “இன்னும் ஏதாவது குறையுங்கள்” என்று கேட்டால் ஒரு மிதியடி கிடைக்கும். “இந்த மாடலுக்கு இந்த மாதம் நிறுவனச் சலுகை எவ்வளவு, டீலர் பங்கு எவ்வளவு?” என்று கேட்டால் அவன் எழுந்து உள்ளே போக வேண்டிவரும். கேள்வி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பணம்.

வண்டியை விற்பதில் கிடைக்கிற லாபம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. காப்பீடு, கடன், ஆக்சஸரீஸ், வாரண்டி, இவற்றின் கமிஷனில்தான் கடை ஓடுகிறது. அதனால்தான் பாம்பன் அண்ணனின் மஞ்சள் பைக்கு மதிப்பில்லாமல் போனது. முழுப் பணமும் கட்டுகிறவர் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டாம். வாகன விலையைப் பேசி முடித்து எழுதி வாங்கிய பிறகு சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு விலை, பரமக்குடியில் ஒரு விலை என்று இரண்டு கொட்டேஷன் வைத்துக்கொண்டு சிலர் வருவார்கள். இரண்டும் மதுரையில் இருக்கிற ஒரே முதலாளியின் கிளைகளாக இருக்கும். அது போட்டியே இல்லை, நாங்களே போனில் பேசிக்கொள்வோம். வேறு முதலாளியின் கடையாகப் பாருங்கள்: மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி. எங்கே வாங்கினாலும் உங்கள் முகவரிக்கு டி.என். 65 எண்தான்.

மாதக் கடைசி வாரத்தில் இலக்கு எட்டாத கடை இறங்கிவரும் என்பது சரிதான். ஆனால் மாதம் முடிவதற்குள் பில் போட்டு, பதிவுக்கு அனுப்பிவிட அவசரப்படுவார்கள். பதிவுக்கு முன்பே வண்டியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். விற்பனைச் சான்றான 21-ஆம் படிவத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஜனவரியில் போய்ப் போன ஆண்டு வண்டியை இந்த ஆண்டு விலைக்கு வாங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய இருப்பை வாங்குவதில் தவறில்லை. திரும்ப விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள் என்பதால் அதற்குரிய விலைக்கு வாங்க வேண்டும்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடலில் இதெல்லாம் செல்லாது. அங்கே ஹேண்ட்லிங்கை அடிக்க வைத்தாலே பெரிய காரியம். ஆர்டர் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்’ என்று இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. விற்பனையாளத் தம்பியிடம் குரலை உயர்த்த வேண்டாம். அவன் கையில் சில ஆயிரம் ரூபாய்க்குத்தான் அதிகாரம், சம்பளமும் அவ்வளவுதான். மேலாளரைக் கூப்பிடச் சொன்னால் போதும்.

சாயல்குடி:

மிளகாய் நன்றாக விலைபோன ஆண்டில் வாங்கினோம். ஆடியில் போனோம். ஆடியில் புது வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்குவார்கள், கடை காலியாக இருக்கும், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குறைப்பார்கள். ஆடியில் பில், ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாவி என்று பேசி முடித்தோம், அம்மாவுக்கும் சம்மதம். மார்கழியும் அப்படியே, அதோடு ஆண்டுக் கடைசி இருப்பும் சேர்ந்துகொள்ளும்.

என் தம்பிக்கு மேல்மாடல் மீது ஆசை. 9,95,000-க்கு ஒன்று, 10,05,000-க்கு ஒன்று. பத்தாயிரம்தானே என்றான். முதலாவதற்கு 13 சதவீத வரி 1,29,350. இரண்டாவதற்கு 18 சதவீதம் 1,80,900. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், ஆனால் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்குத்தான். நாங்கள் கீழ்மாடலையே எடுத்தோம். விற்பனையாளர் இந்த வித்தியாசத்தைக் கடைசிவரை வாய்திறந்து சொல்லவில்லை.

தொண்டி:

2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதன்மேல் இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. அடுத்த வாரம் போனேன். “உங்களுக்காகவே பெரிய தள்ளுபடி” என்று ஒரு தொகை சொன்னார்கள். பழைய விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால் அது வரிக் குறைப்பு மட்டும்தான். முந்தைய மாதம் கொடுத்த பண்டிகைச் சலுகையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தார்கள். வரியைக் குறைத்தது அரசு, கடை என்ன குறைத்தது என்று கேட்டேன். 15,000 வந்தது.

ஒரு சந்தேகம்: ஹேண்ட்லிங் கட்டணத்தைப் போன ஆண்டே கட்டிவிட்டவர்கள் இப்போது கேட்க முடியுமா?

பெரியபட்டினம்:

ரசீதில் அந்தப் பெயரிலேயே இருந்தால் கேட்கலாம். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், புகாருக்கான காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். சில கடைகள் அதை ‘லாஜிஸ்டிக்ஸ்’, ‘டிப்போ’ என்று வேறு பெயரில் போட்டிருக்கும். ரசீதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள்.