பனாரஸ்ல கிடந்த ஹரிகேன் விமானம் திரும்பப் பறந்தது உண்மையா?

மழைநாள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல பெட்ஃபோர்ட் பக்கம் வேலை பாக்குறேன். சில வருஷம் முன்னாடி ஓல்ட் வார்டன்ல இருக்குற பழைய விமான மியூசியமான ஷட்டில்வொர்த் கலெக்‌ஷன் ஏர் ஷோவுக்குப் போயிருந்தேன், அங்க ரன்வேயே புல்தரைதான், ரொம்பக் கிட்ட நின்னு பாக்கலாம். ரெண்டாம் உலகப் போர்ல பறந்த ஹாக்கர் ஹரிகேன்ங்கிற சண்டை விமானம் ஒண்ண ஸ்டார்ட் பண்ணாங்க. மூக்குக்கு ரெண்டு பக்கமும் இருக்குற எக்ஸாஸ்ட்ல இருந்து நீலமா புகை குப்புன்னு வந்துச்சு, ரெண்டு மூணு தடவ இருமுற மாதிரி திணறுச்சு, அப்புறம் பன்னெண்டு சிலிண்டரும் ஒண்ணா புடிச்சதும் வந்த சத்தம் இருக்கே, காதுல கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுக்கூட்டுல கேட்டுச்சு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னு இன்னைக்கும் சொல்லத் தெரியல.

பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் நான் இந்தியான்னு தெரிஞ்சதும் "இது உங்க ஊர் பனாரஸ்ல இருந்து வந்ததுதான்"னு சொன்னார். எங்கப்பா ஏர்ஃபோர்ஸ்ல கிரவுண்ட் ஸ்டாஃபா இருந்து ரிட்டயர் ஆனவர், போன்ல சொன்னா நம்பவே மாட்டேங்குறார், "பனாரஸ்ல கங்கை இருக்கும், ஹரிகேன் எப்படிடா இருக்கும்"ங்கிறார். இது உண்மையா? அப்புறம் இன்னொண்ணு, இவ்வளவு வயசான விமானத்துல பழசுன்னு சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

மெர்லின் பித்தன்:
உண்மைதான் நண்பா, அப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க. நீங்க பாத்தது ஆர்4118. 1940-ல ஜெர்மன் விமானப்படைய எதிர்த்து பிரிட்டன் வானத்துல நடந்த பேட்டில் ஆஃப் பிரிட்டன்ல, 605 ஸ்குவாட்ரன்ங்கிற விமானப் படைப்பிரிவுல இருந்து 49 தடவ சண்டைக்குப் போன விமானம். அப்புறம் டிரெய்னிங்குக்குன்னு கப்பல்ல இந்தியா வந்துச்சு, சுதந்திரம் வந்த சமயத்துல பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கு இன்ஜினியரிங் பசங்க படிக்கிறதுக்காகக் குடுத்துட்டாங்க. அங்க காம்பவுண்டுல வெயில்லயும் மழையிலயும் கிடந்திருக்கு. 1982-ல பீட்டர் வேச்சர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் தேடி இந்தியா வந்தவர் இத பாத்துட்டார். பாத்தவர் சும்மா விடல, வருஷக்கணக்கா லெட்டர் போட்டு, ஆளப் பாத்து, பர்மிஷன் வாங்கி 2001-ல ஊருக்குக் கொண்டு போயி, 2004 டிசம்பர்ல பறக்க விட்டார். 1940-ல இதே விமானத்த ஓட்டுன பாப் ஃபாஸ்டர் வயசான காலத்துல வந்து அதே காக்பிட்ல உக்காந்தார். அத நெனச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எல்லாரும் ஸ்பிட்ஃபயர் ஸ்பிட்ஃபயர்ங்கிறாங்க, அதுவும் அதே காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம்தான், அழகுல அதுக்கு ஈடு கிடையாது ஒத்துக்குறேன், ஆனா அந்த 1940 சண்டையில அதிகமா எதிரி விமானத்த வீழ்த்தினது ஹரிகேன்தான்.

டோப் வாசனை:
தம்பி, நான் சின்ன விமானங்கள்ல மெயின்டனன்ஸ் வேலை பாத்தவன், துணி போத்துன பழைய டிரெய்னர்ல கை வச்சிருக்கேன், அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன். ஹரிகேனோட பின்பாதி உடம்பு தகரம் கிடையாது. உள்ள ஸ்டீல், அலுமினியக் குழாய்கள போல்ட் போட்டு இணைச்ச கூடு, அதுக்கு மேல மரச்சட்டம், அதுக்கு மேல லினன் துணி, அவ்வளவுதான். துணிய இழுத்துக் கட்டி டோப்புங்கிற வார்னிஷ் மாதிரி பூச்சு அடிச்சா காயக் காய இறுகும், நம்ம ஊர்ல தப்பு மேளத்த நெருப்புல காட்டி இறுக்குவாங்கல்ல அதே மாதிரி, விரலால சுண்டுனா டம்முன்னு கேக்கும். சண்டையில குண்டு துணியில ஒரு பக்கம் பூந்து மறுபக்கம் போயிடும், ராத்திரியோட ஒட்டுப் போட்டு காலையில அனுப்பிடலாம். ஸ்பிட்ஃபயர்ல முழுக்க மெட்டல் தோல், அதுல அடிபட்டா வேலை அதிகம்.

அதனால துணியும் மரமும் பழசா இருக்கணும்னு எதிர்பாக்கவே கூடாது. அது சண்டைக்காலத்துலயே மாத்திக்கிட்டே இருந்ததுதான். பிரான்ஸ்ல கலே கடற்கரை மணல்ல புதைஞ்சு கிடந்த ஸ்பிட்ஃபயர்கள எடுத்து பறக்க வச்சதுல மிஞ்சுனது கொஞ்சம்தான், ஆனா பனாரஸ் விமானம் மொத்தமா ஒரே எடத்துல இருந்துச்சு, அது பெரிய வித்தியாசம். அடுத்த தடவ பாத்தீங்கன்னா இறக்கையோட முன் விளிம்புல துப்பாக்கி வாய மூடி செவப்புத் துணி ஒட்டியிருக்கும், கவனிங்க. ஈரமும் பனியும் உள்ள போகாம இருக்க ஒட்டுறது. அன்னைக்கு விமானம் திரும்பி வரும்போது அந்தத் துணி கிழிஞ்சிருந்தா சண்டை நடந்துருக்குன்னு கீழ நிக்கிறவங்களுக்கு இறங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

குடாக்கரையான்:
நான் லண்டனிலை இருக்கிறன், சொந்த இடம் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் எங்கட துறைமுகத்துக்குக் குண்டு போட வரேக்கை சீனன்குடா விமானத்தளத்திலை இருந்து எழும்பிப் போய் மறிச்சது இந்த ஹரிகேன்தான். நாலு நாளைக்கு முதல் கொழும்பிலையும் அப்பிடித்தான். சின்னனிலை அம்மம்மா சொல்லுவா, சத்தம் கேட்டுச் சனம் எல்லாம் காட்டுப்பக்கம் ஓடினது எண்டு. அதே சத்தத்தை நான் இங்கிலாந்து டக்ஸ்ஃபோர்ட் விமான மியூசியத்திலை, பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு, பயமில்லாமல் நிண்டு கேட்டனான். எனக்கு அது பெரிய விசயம்.

நிலத்தில் நிற்பவன்:
எல்லாரும் உணர்ச்சியா எழுதுறீங்க, நான் மாத்தி சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. 2024 மே மாசம் இங்கிலாந்துல கோனிங்ஸ்பி பக்கத்துல, பழைய போர் விமானங்கள பறக்க விடுற ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) நினைவுப் பிரிவோட ஸ்பிட்ஃபயர் விழுந்து பைலட் இறந்துட்டார். மிஞ்சியிருக்குறதே கொஞ்சம், அதுல ஒரு உயிரும் போகணுமா? மியூசியத்துல வச்சா நம்ம பேரப்பிள்ளைங்களும் பாக்கும்ல.

மெர்லின் பித்தன்:
அண்ணா நீங்க சொல்றது நியாயமான கவலை, அந்த நியூஸ் வந்த அன்னைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கல. ஆனா நிப்பாட்டி வச்சா விமானம் மட்டும்தான் மிஞ்சும், அத ஓட்டவும் ரிப்பேர் பண்ணவும் தெரிஞ்ச கை மிஞ்சாது. ஹரிகேன்லயும் ஸ்பிட்ஃபயர்லயும் இருக்குற 27 லிட்டர் மெர்லின் இன்ஜின பிரிச்சுக் கோக்கத் தெரிஞ்சவங்க இப்பவே விரல் விட்டு எண்ற அளவுதான், இளசுங்க அவங்ககிட்ட கத்துக்குறதே இது பறக்குறதாலதான். ஷோவுலயும் சண்டையில மாதிரி இன்ஜின முறுக்க மாட்டாங்க, தாங்குற அளவுக்குள்ளதான் ஓட்டுவாங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் சம்பந்தம். 79, 234, 264 இந்த மூணு ஆர்ஏஎஃப் ஸ்குவாட்ரனுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சின்னே பேர் உண்டு, நம்ம மாகாணத்துல இருந்து போன பணத்துக்காக வச்ச பேரு. 234 ஸ்பிட்ஃபயர், 79 ஹரிகேன். அந்தப் பணத்துல யார் யார் காசு இருந்துச்சோ. அதனால இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் மட்டும் இல்ல.

மழைநாள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத்தத்தையும் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜா படிச்சு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்ல. அப்புறம் போன் பண்ணி, நம்புறேன்னும் சொல்லல நம்பலன்னும் சொல்லல, "அந்தத் துணிக்கு எத்தன கோட் டோப் அடிக்கிறாங்களாம், கேட்டு சொல்லு"ன்னார். டோப் வாசனை அண்ணே, கொஞ்சம் சொல்லுங்க, அவர் காத்துக்கிட்டு இருக்கார்.