நாள்பட்ட இடுப்புவலிக்கு சைக்காலஜிஸ்ட்: யாரைத் தேடுறது, எப்படித் தேடுறது?

கரூர் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 44, அரசு நடுநிலைப் பள்ளியில வேலை. கீழ்முதுகுல எல்4-எல்5 டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. கால் மரத்துப்போறது நின்னுது, வலி நிக்கல. காலையில எந்திரிச்சதும் இடுப்புல ஆரம்பிச்சு பின்தொடை வழியா கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கும். போர்டுல மேல்பாதியில எழுதுறதையே விட்டுட்டேன், கையைத் தூக்கினா இடுப்பு பிடிச்சுக்குது. மேல தேதி மட்டும்தான் இருக்கும். அதையும் எட்டாம் வகுப்புல உயரமான பையன் ஒருத்தன் எழுதிடுவான். பாடமெல்லாம் கீழ்ப்பாதியில. பின்பெஞ்சு பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு பார்த்து எழுதுதுங்க.

போன தடவை ஆர்த்தோ டாக்டர் புது எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துட்டு, "புதுசா ஒண்ணும் இல்லம்மா, ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டார். அப்போ நான் நடிக்கிறேன்னு அர்த்தமா? வீட்டுல சொன்னா மாமியார், "இடுப்புவலிக்கு எதுக்குடி பைத்தியக்கார டாக்டரு"ங்கிறாங்க.

ஆனாலும் பக்கத்து ஊர்ல கவுன்சிலிங் சென்டர்னு போர்டு மாட்டியிருந்த இடத்துக்குப் போனேன். எங்க வலிக்குதுன்னுகூட அந்தம்மா கேக்கல. தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூணு விஷயம் எழுதச் சொல்லி நோட்டு ஒண்ணு குடுத்தாங்க. மூணாவது நாளே மூடி வச்சுட்டேன்.

தமிழ்ல பேசணும், வலி நிஜம்னு நம்பணும், சம்பளத்துல கட்டுப்படியாகணும். இப்படி யாராவது இருப்பாங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நாஞ்சில் மாமா:
எங்க ஊர்ப்பக்கம் வாங்கம்மா, வர்மம் பாக்குறவர் இருக்காரு. என் மச்சினனுக்கு ஒரே வாரத்துல சரியாச்சு.

கரூர் டீச்சர்:
நல்லதுங்கய்யா. வர்மம், எண்ணெய், இடுப்புல மணல் ஒத்தடம், எல்லாம் பாத்தாச்சு. உடம்பு முழுக்க வாசனை மட்டும்தான் மிச்சம்.

ஜவுளிக்கடை அக்கா, ஈரோடு:
டீச்சர், எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலிக்கும், ரிப்போர்ட்ல ஒண்ணுமே தெரியாத வியாதி. அதனால "நடிக்கிறியா" உங்களை விட நான் அதிகமாக் கேட்டிருப்பேன்.

முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. மூணு மாசம் தாண்டின வலியை நாள்பட்ட வலின்னு தனியாப் பிரிச்சு, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியல்லயே இடம் குடுத்திருக்கு, 2022-ல இருந்து அது நடைமுறையில இருக்கு. காயம் ஆறின பிறகும் நரம்பும் மூளையும் உஷார்நிலையை விட்டு இறங்காது. பூனை ஏறி உக்காந்தாலும் அலறுற பைக் அலாரம் மாதிரி. சத்தம் பொய் இல்ல. அதைத் தூண்டிவிடற பயம், தூக்கமின்மை, பதட்டம் இதுங்களோடதான் சைக்காலஜிஸ்ட் வேலை செய்யறாங்க. பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டுற நைஸ்னு ஒரு அமைப்பு 2021-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, ஸ்கேன்ல காரணம் பிடிபடாத என்னை மாதிரி ஆளுங்க வலிக்கு உடற்பயிற்சி, சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்குற பேச்சு சிகிச்சை), ஏ.சி.டி. (வலி இருக்கும்போதே முக்கியமானதைச் செய்யப் பழக்குற பேச்சு சிகிச்சை) எல்லாம் பரிந்துரைச்சிருக்காங்க. பாராசிட்டமாலையும் புரூஃபன் வகை வலி மாத்திரையையும் அதுக்குன்னு ஆரம்பிக்கவே வேண்டாம்னுட்டாங்க. உங்களுது ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த நரம்புவலி, அதுக்கு மாத்திரைக் கணக்கு வேற. ஆனா பேச்சு சிகிச்சை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

இப்போ ஆள் தேடுறது. கவுன்சிலர்னு யாரு யாரோ போர்டு மாட்டிடறாங்க. நீங்க கேக்க வேண்டியது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பெரும்பாலும் எம்.ஃபில். முடிச்சு, ஆர்.சி.ஐ.ங்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருப்பாங்க. பதிவு எண்ணைக் கேளுங்க, கூச்சமே வேண்டாம், ஆர்.சி.ஐ. இணையதளத்துல பேரைப் போட்டுச் சரிபார்க்கலாம். சைக்கியாட்ரிஸ்ட் வேற, அவங்க எம்.பி.பி.எஸ். படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க. டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் எழுதினா "எனக்கு மனச்சோர்வா"ன்னு பதறாதீங்க. நரம்புவலிக்கும் அதைத்தான் குடுக்கறாங்க.

பெரிய ஆஸ்பத்திரியில பெயின் கிளினிக்னு வலிக்குன்னே தனிப் பிரிவு இருந்தா அங்க விசாரிங்க, வலிக்காரங்களைப் பாத்துப் பழகின சைக்காலஜிஸ்ட் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். அங்கதான் எனக்கு ஆள் கிடைச்சாங்க. இருக்கறது கோயமுத்தூர்ல, ஆனா பாதி அமர்வு வீடியோவுலதான். ஒரு தடவைக்கு 800 ரூபா வாங்கினாங்க.

அப்பாயின்ட்மென்ட் வாங்கறதுக்கு முன்னால போன்ல ஒரே கேள்வி: "நாள்பட்ட வலியோட வர்றவங்களைப் பாக்கறீங்களா, அவங்களுக்கு என்ன செய்வீங்க?" "முழுசாக் குணப்படுத்திடலாம்"னா போனை வச்சிருங்க. "பாசிட்டிவா இருங்க" வந்தாலும் அதே. "வலியால எதெல்லாம் விட்டுப்போச்சுன்னு பாப்போம், அதுல ஒவ்வொண்ணாத் திருப்பி எடுப்போம்" மாதிரி பதில் வந்தா அவங்ககிட்ட போங்க.

எனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். வலி இல்லாத நாள் வந்தா வெறி பிடிச்ச மாதிரி வேலை செய்வேன். பரண் வரைக்கும் தொடச்சு, மெத்தையைத் தூக்கி வெயில்ல போட்டு, கடைக்கும் போய் ஸ்டாக் எடுத்துடுவேன். அடுத்த ரெண்டு நாள் படுக்கை. எங்க சைக்காலஜிஸ்ட் என்னை வலிக்கு மார்க் போடச் சொல்லல. எத்தனை மணிக்கு என்ன வேலை செஞ்சேன்னு மட்டும் எழுதச் சொன்னாங்க. நோட்டைப் பாத்தா எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் கடிகாரம் வச்சு வேலை. கடையில சேலை மடிக்க 15 நிமிஷம், மணி அடிச்சா எழுந்துடணும், வலி இல்லைன்னாலும். நல்லா இருக்கும்போது நிறுத்தறது இருக்கே, அதுதாங்க கஷ்டம். மடிக்காத சேலை குவிஞ்சு கிடக்கறதைப் பாத்துட்டு நடக்கணும்.

ஒரு அமர்வுக்கு வீட்டுக்காரரையும் கூப்பிட்டாங்க. மணிக்கொரு தரம் "வலிக்குதா, வலிக்குதா"ன்னு கேக்கறதை நிறுத்துங்கன்னாங்க. மனுஷன் முகம் வாடிப்போச்சு, பாவம், அன்புல கேட்டதுதானே. இப்போ "டீ குடிக்கலாமா"ன்னு கேக்கறாரு.

வலி போகல டீச்சர், அதைச் சொல்லிடறேன். தூக்கம் வருது. கடைக்குப் போறேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா முன்னாடி மாதிரி சாக்கு தேடறதில்ல.

மதுரை பிசியோ:
அக்கா சொன்னதோட ரெண்டு விஷயம். சைக்காலஜிஸ்ட்டைப் பாத்தாலும் பயிற்சியை விடாதீங்க, ரெண்டும் சேர்ந்தா நல்லது. அடுத்தது முக்கியம்: சிறுநீர் அடக்க முடியாமப் போனாலோ, வராம நின்னாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீர்னு பலம் இழந்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க. நரம்புவலிக்குக் குடுக்கற பிரிகாபலின் மாத்திரை எடுக்கறீங்கன்னா நீங்களா நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுத்தான் படிப்படியாக் குறைக்கணும்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
செலவு பத்தி. டெலி-மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் இருக்கு, எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். வாராவாரம் தெரபிக்கு அது இல்ல, ஆனா உங்க மாவட்டத்துல எங்க போகலாம்னு கேக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.யில சைக்காலஜிஸ்ட் இருக்காங்களான்னு நேர்லயும் விசாரிங்க. காப்பீடு பத்தி ரொம்ப நம்பாதீங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக் காப்பீடு குடுக்கணும்னு சொல்லுது, ஆனா படுக்கையில சேராம வெறும் ஓ.பி. அமர்வுன்னா பெரும்பாலான பாலிசியில பைசா வராது.

கரூர் டீச்சர்:
அக்கா, படிச்சுட்டு அழுதுட்டேன், பரவாயில்ல. ஒரு சந்தேகம். ஏ.சி.டி. பத்தித் தேடினா "வலியை ஏத்துக்கணும்"னு வருது. அப்படின்னா தோத்துப்போயிட்டேன்னு ஒத்துக்கறதா? 44 வயசுல எனக்கு அதுல சம்மதமில்ல.

ஜவுளிக்கடை அக்கா, ஈரோடு:
நானும் எங்க சைக்காலஜிஸ்ட்கிட்ட இதையே சண்டை போட்டுக் கேட்டேன். "நாளைக்கே வலி போயிடும்னு காத்திருந்ததுல நீங்க எதையெல்லாம் தள்ளி வச்சீங்க"ன்னு திருப்பிக் கேட்டாங்க. தங்கச்சி பொண்ணு சீமந்தம்ல இருந்து வரிசையாச் சொன்னேன். வலி போனாத்தான் வாழ்க்கைங்கிற நிபந்தனையைக் கைவிடறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. மருந்தை விடச் சொல்லல, முயற்சியை விடச் சொல்லல. உங்களுக்குன்னா மேல்பாதி போர்டை எப்படிப் பிடிக்கறதுன்னு யோசிப்பாங்க. ஒரு சின்ன ஸ்டூல்ல ஒரு காலை வச்சு எழுதிப் பாக்கலாமான்னு அந்த மதுரைத் தம்பியையும் கேளுங்க.

மதுரை பிசியோ:
நிறைய பேருக்கு இடுப்புப் பாரம் குறையும். உயரம் ஒரு சாணுக்குள்ள இருக்கட்டும், காலை மாத்தி மாத்தி வைங்க.

கரூர் டீச்சர்:
சரிங்க. கோயமுத்தூர் பெயின் கிளினிக் ஒண்ணுல பேசிட்டேன், அவங்க குடுத்த நம்பருக்கு நாளைக்குப் போன் பண்றேன், அந்த ஒரே கேள்வியோட. வீடியோ அமர்வுன்னா முக்கால் மணி நேரம் நாற்காலியில உக்கார என்னால முடியாதே, தப்பா நினைப்பாங்களா?

ஜவுளிக்கடை அக்கா, ஈரோடு:
நான் பாதி நாள் படுத்துக்கிட்டுத்தான் பேசினேன். போனை நிறுத்த ஒரு ஸ்டாண்ட் மட்டும் வாங்கி வச்சுக்குங்க, கையில பிடிச்சா தோள்பட்டை போயிடும். மாமியாருக்கு ஸ்கூல் மீட்டிங்னு சொல்லிக் கதவைச் சாத்துங்க.