இடைத்தணிப்பான்: ஒலிவாங்கிக்கும் முன்பெருக்கிக்கும் நடுவே செருகும் கருவிக்கான சொல்

அன்புடைய குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒலிவாங்கியின் கம்பியில் இடையே செருகப்பட்டு, அதில் வரும் குறிகையின் (சிக்னலின்) அளவைக் குறைக்கும் இன்லைன் அட்டெனுவேட்டருக்கு ‘ஒலிக்குறைப்பான்’ என்றும் ‘ஒடுக்கி’ என்றும் இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டும் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். ‘தணிப்பான்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். காரணம் கருவியின் வேலையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபலுக்கு, 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சர் ஒலிவாங்கியைத் தவிலுக்கு மிக அருகில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அடியின் உச்சம் 134 டெசிபலைத் தொட்டால் ஒலியழுத்தம் நூறு மடங்காகி, ஒலிவாங்கி 2 வோல்ட் தரும். சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவதற்கென்று அமைந்த முன்பெருக்கி (ப்ரீஆம்ப்) பலவற்றால் இதைத் தாங்க இயலாது. அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மேடையில் ‘பீக் அடிக்கிறது’ என்று சொல்கிறோமே, அந்தக் கரகரப்பு பிறக்கிறது. வெட்டு முன்பெருக்கியிலேயே நேர்ந்துவிடுவதால், பின்னால் இருக்கும் ஃபேடரை, அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை, எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பு மெதுவாகக் கேட்குமே தவிர நீங்காது. முன்பெருக்கிக்கு முன்பே 20 டெசிபல் குறைக்கும் கருவியைச் செருகினால் 2 வோல்ட் 0.2 வோல்ட்டாகிறது. எளிய வகையில் உள்ளே இருப்பவை சில மின்தடைகளே. அவை அலையின் வடிவத்தைக் கெடுக்காமல் அளவை மட்டும் பத்தில் ஒன்றாக்குகின்றன.

‘ஒடுக்கி’ என்பதை கம்ப்ரஸருக்கு விட்டுவைப்பதே முறை, ஏனெனில் அதுதான் உரத்த பகுதியை மட்டும் அழுத்தி வீச்சின் இடைவெளியை ஒடுக்குகிறது. நம் கருவியோ உரத்ததையும் மெல்லியதையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ‘ஒலிக்குறைப்பான்’ என்றால் ஒலியையோ இரைச்சலையோ குறைப்பது என்று பொருள்பட்டுவிடும். இக்கருவி குறைப்பது மின்னழுத்தத்தை. இரைச்சலைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ், மெல்லிய குரலுக்கு இதைக் கழற்றாமல் விட்டுவிட்டால் முன்பெருக்கியைக் கூடுதலாகத் திறக்க வேண்டிவந்து இரைச்சலே மேலெழும். ‘குரலைத் தணித்துப் பேசு’ என்னும்போது சொல் மாறுவதில்லை, உரப்பு மட்டுமே இறங்குகிறது. அந்த வழக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. பெருக்கிக்கு எதிரிணையாகவும் தணிப்பான் நிற்கும். அதிர்வு தணிப்பானோடு குழம்பாதா என்று கேட்கலாம். பொது அகராதியில் ‘குறிகைத் தணிப்பான்’ என முன்னொட்டோடு தந்துவிட்டால் அந்தக் குழப்பம் எழாது.

இன்லைன் என்பதை ‘உள்வரி’ என்று பெயர்ப்பதில் பொருளே இல்லை. இரு கம்பிகளுக்கு இடையே செருகுவதால் ‘இடைத்தணிப்பான்’ என்போம். ஒலிவாங்கியிலேயே இருந்து குறிகையை உள்ளேயே குறைக்கும் ‘பேட்’ விசைக்குத் தனிப் பெயர் கட்டாயம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதை ‘உள்தணிப்பு விசை’ எனலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் தவறான இடத்தில் தீர்வு தேடுவார்: ஒலிவாங்கியின் உள்மின்சுற்றே நிரம்பி வெட்டுப்படும்போது, கம்பியில் எத்தனை இடைத்தணிப்பான்களைச் செருகினாலும் பயனில்லை, ஏனெனில் கெட்ட அலைதான் அவற்றை வந்தடைகிறது.

‘ஓவர்லோடு’ என்பதற்கு ‘மிகைச்சுமை’ மின்மாற்றிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. முன்பெருக்கியின் மேல் எதுவும் சுமத்தப்படவில்லை. உள்ளே வரும் குறிகை அதன் எல்லையை மீறுகிறது. ஆகவே ‘உள்ளீட்டு மிகை’ என்றும், அதனால் விளைவதை ‘முகடு வெட்டு’ என்றும் பதியலாம்.

விளக்கக் குறிப்பில் மேலும் ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். கண்டென்சர் ஒலிவாங்கிக்குத் தேவையான 48 வோல்ட் பாண்டம் மின்வழங்கல் இதே கம்பி வழியாகவே செல்கிறது. அதைக் கடத்தும் இடைத்தணிப்பான்களும் உண்டு, தடுப்பவையும் உண்டு. வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் செய்தி அதுவே என்பதால், 10, 20, 30 டெசிபல் போன்ற அளவுகளுக்கு முன்னால் அது இடம்பெற வேண்டும்.