மிசோரமில் துப்பாக்கி ஓய்ந்தது யாரால்?

எல்லைக்காவல்:
இனத்தின் பெயரால் அரசியல் செய்ய விட்டால் அது ஒருநாள் நாட்டின் எல்லைக்கே உலை வைக்கும். மிசோரமே சாட்சி. பஞ்ச நிவாரணம் என்று தொடங்கிய அமைப்பு 1961-ல் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966 மார்ச் 1-ல் தனிநாடு என்று அறிவித்தது. ஆயுதம் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தது. ராணுவத்தை அனுப்பாமல் வேறென்ன செய்வது?

மூங்கில்பூ:
நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டீர்களே. அந்தப் பஞ்சம் ஏன் வந்தது? 1959-ல் மூங்கில் காடே பூத்தது. விதையைத் தின்று பெருகிய எலிகள் அப்புறம் வயலில் இறங்கின. மிசோக்கள் இதை மௌதம் என்பார்கள். ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, திடீர் விபத்தல்ல. அப்போது மிசோரம் அசாமின் ஒரு மாவட்டம். அதன் மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே எச்சரித்தும் அசாம் அரசு அசையவில்லை. மறு ஆண்டே அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கியது. சோறு போடாத அரசு மொழியை மட்டும் திணித்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? 1966 மார்ச் 5-ல் விமானப்படை ஐஸ்வால் மீதே தாக்குதல் நடத்தியது. அடுத்த ஆண்டிலிருந்து ஊர் ஊராகக் காலி செய்து, சனங்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். இத்தனை செய்தும் சண்டை 20 ஆண்டு நீண்டது. முடித்துவைத்தது மத்திய அரசும் முன்னணியும் செய்த 1986 ஜூன் 30 ஒப்பந்தம்.

எல்லைக்காவல்:
அடி விழாமல் முன்னணித் தலைவர் லால்தெங்கா பேச வந்திருப்பாரா? 1971-ல் வங்கதேசம் பிறந்து பதுங்க இடம் போனதுதான் திருப்பம். பேச்சே மருந்து என்றால் நாகாலாந்தைப் பாருங்கள். நாகா கிளர்ச்சியாளர்களோடு 1997-ல் போர்நிறுத்தம், 2015-ல் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம். அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போனது.

மூங்கில்பூ:
சரி, 71-ல் இடம் போனது. பிறகு ஏன் இன்னும் 15 ஆண்டு? மிசோரமில் யாரோ ஒருவர் நாற்காலியை விட்டார், அதுதான் வித்தியாசம். முதல்வராக இருந்த காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா விலகி லால்தெங்காவுக்கு இடம் கொடுத்தார், தாமே துணை முதல்வரானார். நேற்றுவரை தேடப்பட்டவரின் கீழ்!

ஓரத்துக்குரல்:
இரண்டு பேரும் மிசோரமின் சிறுபான்மைப் பழங்குடிகளான புரூ மக்களை மறந்தாயிற்று. தன்னாட்சிக் கவுன்சில் கேட்டவர்கள் 1997-ல் மிசோரமிலிருந்து திரிபுராவுக்கு ஓடினார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களில் கிடந்தார்கள். 2020-ல்தான் திரிபுராவிலேயே குடியமர்த்த ஒப்பந்தம். நேற்று டெல்லியிடம் உரிமை கேட்டவர்கள், மாநிலம் கைக்கு வந்ததும் இன்னொரு சிறுபான்மைக்கு அதையே மறுத்தார்கள்.

எல்லைக்காவல்:
அதைத்தான் சொல்கிறேன். 2021-ல் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, வருபவர்களைத் தடுக்கச் சொன்னது மத்திய அரசு. மாநில அரசு கேட்கவில்லை. எல்லையை யார் காப்பது, இனப்பாசமா?

மூங்கில்பூ:
மியான்மரிலிருந்து வந்த சின் மக்கள் மிசோக்களுக்குச் சொந்தபந்தம். தேவாலயங்களும் இளம் மிசோ சங்கமும் சோறு போட்டன. 2023 இனக்கலவரத்தில் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டது மணிப்பூரில், மிசோரமில் அல்ல. புரூ விஷயத்தில் ஓரத்துக்குரல் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா, எல்லைக்காவல்?